அப்பீலும் எங்கிட்டதான் வரும்

இல்ல தம்பி, நீயே சொல்லு... உலகத்துல எங்கயாச்சும் இப்படி ஒரு கோர்ட்டு இருக்குமா? கீழ்க்கோர்ட்டும் நானே, மேல்கோர்ட்டும் நானே! இப்பத்தான் உள்ள நின்னு, கைய நீட்டி, “கேம் லாஸ்”னு தீர்ப்பு சொன்னேன். யாரு? இந்த விவியன். உன் எதிர்ல ஆடறாரே, அவரு உடனே “அப்பீல்”ங்கறாரு. அப்பீல விசாரிக்கற ஹெட் ஜட்ஜ் யாரு? அதுவும் இந்த விவியன்தான்! வேற ஆளு இல்ல லா இந்தக் கார்டு ஆட்டக் கடையில. நான் என்னா பண்றது? உள்ள போயி சட்டைய மாத்திட்டு, குரல கொஞ்சம் தடிப்பாக்கிட்டு வந்து, “யாரும்மா அந்த விவியன், இப்படியா தீர்ப்பு சொல்றது?”னு என்னையே நான் திட்டணுமா? ம்?

கதவ சாத்திட்டு வா. பாத்து பாத்து... படியில பூக்கட ஆன்டி தண்ணி வாளி வெச்சிருக்காங்க. இந்தச் சுவரு பக்கம் நில்லு. ஒரே ஒரு கேள்விதான் தம்பி. கேட்டுட்டு விட்டுடறேன். ரூல் அப்படித்தான். ஆட்டக்காரன மேசையில வெச்சுக் கேக்கக் கூடாது, தனியா கூட்டிட்டுப் போயி கேக்கணும். கடையில தனியா எங்க இருக்கு? கழிவறைக்குள்ளயா கூட்டிட்டுப் போவேன்? அதான் படிக்கட்டு. நோன்பு தொறக்கற நேரம் நெருங்குது, தெரியும், பைக்குள்ள பேரீச்சம்பழ டப்பா இருக்கறதயும் பாத்தேன். பயப்படாத. ஒரே கேள்வி.

இரு, மோனோரயில் போவட்டும். அது போறப்ப என் குரலு எனக்கே கேக்காது.

ம். என்னா சொல்லிட்டிருந்தேன்? ஆங், கோர்ட்டு. நான் இந்த வேலைய கேட்டு வாங்கலப்பா. சத்தியமா. நான் படிச்சது கணக்கியல். பாக்கற வேல இன்சூரன்ஸ், கிளெய்ம் டிபார்ட்மென்ட். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் ஜனங்க எழுதற கதைய படிக்கறதுதான் பொழப்பு. “நான் மெதுவாத்தான் போனேன், அந்த மரந்தான் வந்து மோதிடுச்சு”ம்பாங்க. அம்பாங்குல ஒருத்தரு, நின்னுட்டிருந்த அவரு காடிய மாடு முட்டிடுச்சுன்னு எழுதினாரு. போட்டோவுல பாத்தா பம்பருல பச்ச பெயின்ட்டு. பச்சக் கலருல மாடு! இப்படி அஞ்சு நாளும் பொய்யப் பிரிச்சு மேஞ்சிட்டு, சனிக்கிழமையாச்சும் கால நீட்டிப் படுக்கலாம்னு பாத்தா, உஷாராணி அக்கா விடல.

உஷாராணி அக்காவ உனக்குத் தெரியாதுல்ல, நீ கிள்ளான்லேர்ந்து இன்னைக்குத்தான மொதத் தடவ வர. கல்லாவுல உக்காந்து பூதக்கண்ணாடி மாதிரி கண்ணாடி போட்டுக்கிட்டு சீரியல் பாக்கறாங்களே, அவங்கதான் கடக்காரம்மா. அவங்களுக்கு டிராகனுக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா போட்டி நடத்தணும்னா பரீட்ச எழுதி பாஸான ஜட்ஜ் ஒருத்தரு வேணுமாம். “நீதான் நல்லா வாயடிப்பியே, நீ எழுது”ன்னாங்க. எழுதினேன். பாஸாயிட்டேன். அதுல கொடும என்னான்னா, இந்த ஆட்டத்த நான் ஆடி ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல. ஒரு தடவகூட! பச்சப்புள்ளைங்ககிட்டல்லாம் தோத்திருக்கேன். ரூல் மட்டும் தலகீழாச் சொல்வேன். நீச்சல் தெரியாத ஆளு கரையில நின்னு விசில் ஊதற மாதிரி.

என்னா சிரிக்கற? சிரி. எல்லாரும் சிரிக்கறாங்க.

என்னென்ன பஞ்சாயத்துன்னு நெனைக்கற? போன மாசம் மேல ஃபேனு ஓடி, காத்துல ஒருத்தனோட டிராகன் கார்டு பறந்துபோயி செத்த கார்டுங்க அடுக்கியிருக்கற பக்கம் விழுந்துடுச்சு. எதிர்ல இருக்கறவன் சொல்றான், “டிராகன் செத்துடுச்சு”ன்னு. இவன் சொல்றான், “டிராகன்னா பறக்கத்தான் செய்யும், செத்துடுச்சுன்னு யாரு சொன்னா?”ன்னு. ரெண்டு பேரும் வேலைக்குப் போற ஆளுங்கப்பா! ஒருத்தன் பல் டாக்டரு! நான் ரூல் புக்கப் புரட்றேன், புரட்றேன், அதுல ஃபேனப் பத்தி ஒரு வரிகூட இல்ல. கடைசியில ஃபேன நிறுத்திட்டேன். டிராகன் பொழச்சிடுச்சு. நாங்க எல்லாரும் புழுக்கத்துல செத்தோம்.

அப்புறம் நம்ம இராமலிங்கம் அங்கிள். அந்த மூல மேசையில தொப்பி போட்டுக்கிட்டு ஆடறாருல்ல, ரயில்வேயில இருந்து ரிட்டயரானவரு. பேரன ஆட்டத்துக்குக் கூட்டிட்டு வந்தாரு. பேரன் விட்டுட்டுப் போயிட்டான், இவரு புடிச்சுக்கிட்டாரு. அவருக்கு மூட்டுவலி. எந்நேரமும் தைலம். அந்த விரலோட கார்ட எடுத்து எடுத்து, அவருக்குப் புடிச்ச கார்டுங்க மட்டும் தைல வாடையடிக்கும்! ஒரு நா எதிர்ல ஆடின பொண்ணு கையத் தூக்கி, “ஜட்ஜ்! அங்கிளு கார்ட மோந்து பாத்து எடுக்கறாரு!”ங்குது. நான் போயி, மூடி வெச்ச கார்டுக் கட்ட மோந்து பாத்தேன். ஆமா! எந்த கார்டு மந்திரவாதின்னு மூக்கே சொல்லுது!

ரூல்படி அது என்னா? குறி வெச்ச கார்டு. கார்டோட முதுகு பக்கத்த பாத்தாலோ தடவினாலோ உள்ள என்னா இருக்குன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா தப்பு. வேணும்னு பண்ணலன்னு தோணுச்சுன்னா ஒரு வார்னிங் குடுத்து, கார்டுக்கு மேல போட்டிருக்கற பிளாஸ்டிக் உறைய மாத்தச் சொல்லலாம். திருட்டுத்தனம் மாதிரி தெரிஞ்சா கேம் லாஸ், அந்த ஆட்டமே போச்சு. எத குடுக்கறதுன்னு ஜட்ஜ்தான் முடிவு பண்ணணும். அங்கிளுக்கு நான் என்னா குடுத்தேன்? வார்னிங். புது உறை. அதோட “அங்கிள், தைலத்த இடது கையால தேய்ங்க, வலது கையால ஆடுங்க”ன்னு ஒரு அட்வைஸ். முடிஞ்சுது. எல்லாரும் சந்தோஷம்.

இன்னைக்கு அதே தப்புக்கு, அவருக்கு... கேம் லாஸ்.

என்னா என் கழுத்துல தொங்கற டேக்கையே பாக்கற? ஹெட் ஜட்ஜ்னு போட்டிருக்கு, நம்ப முடியலையா? நானேதான் பிரின்ட் பண்ணிக்கிட்டேன், ஒத்துக்கறேன். அவரும் அப்படித்தான், “அப்பீல்”னு சொல்லிட்டு இந்த டேக்கையே ஒரு பார்வ பாத்தாரு. கிண்டல். ஹெட் ஜட்ஜாம் ஹெட் ஜட்ஜ்னு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

“அவரு அவரு”ங்கறேனே, உனக்கு யாரும் சொல்லலையா? உன் எதிர்ல உக்காந்திருக்காரே வாலண்டைன்... என் வீட்டுக்காரரு லா.

அலாமாக், மூஞ்சிய அப்படி வெக்காத! ஆரம்பத்துலயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நீ லேட்டா வந்த, கேக்கல போலிருக்கு. ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இந்தக் கடையில எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதுதான் பிரச்சனையே! அவருக்கு சாதகமா ஒரு வார்த்த சொன்னா போதும், “ஆங், வீட்டுக்காரருல்ல”ன்னு பின்னாடி யாராச்சும் இழுப்பாங்க. அதனால நான் என்னா பண்றேன்? சந்தேகம்னு வந்தா அவருக்கு எதிரா. சந்தேகமே இல்லன்னாலும் கொஞ்சம் எதிரா. அப்பத்தான நியாயஸ்தின்னு பேரு வரும். ஒரு தடவ அவரு பக்கம் நூத்துக்கு நூறு சரியா இருந்துச்சு. அன்னைக்கும் எதிராத்தான் சொன்னேன். வீட்டுக்குப் போயி ரூல் புக்கப் பாத்துட்டு, அவருக்குப் புடிச்ச மீன் கறி வெச்சேன். ஏன்னு அவரு கேக்கல. ரெண்டு தடவ போட்டுச் சாப்ட்டாரு.

வீட்லயும் இதே கததான். டீவி ரிமோட்டு யாரு கையிலன்னு வந்தா, சமையலறையப் பாத்து “ஜட்ஜ்!”னு கையத் தூக்குவாரு. நான் போயி எனக்கே சாதகமா தீர்ப்பு சொல்வேன். அங்க அப்பீலே கெடையாது.

சரி, கேள்விக்கு வரேன். வரேன் இரு. அதுக்கு முன்னாடி நடந்தத முறையா சொல்லிடணும். அப்பீல்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும், ரூல்.

கடைசி மேசை. ஒரு பக்கம் நீ, இக்ராம், கிள்ளான். இன்னொரு பக்கம் வாலண்டைன், பிரிக்ஃபீல்ட்ஸ். ஜெயிக்கறவங்க பினாங்குல நடக்கற நேஷனல் ஃபைனலுக்குப் போறாங்க. ஒரு எடந்தான். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயிச்சிட்டீங்க. மூணாவது ஆட்டம் நடக்குது. அப்ப நீ பாக்கற, மேல மஞ்சப் பொட்டு இருக்கற கார்ட அவரு எடுக்கறப்பல்லாம் சாம்பல் டிராகன் வருது. கையத் தூக்கின. நல்ல புள்ள, மரியாதையாத்தான் சொன்ன, “அக்கா, அந்த உறையில ஏதோ இருக்குன்னு நெனைக்கறேன்”னு. நான் வந்து புரட்டிப் பாத்தேன். நாலு டிராகன். நாலு உறையிலயும், முதுகுப் பக்கம், ஒரே மூலையில, ஒரே சைஸுல மஞ்சப் பொட்டு. மத்த கார்டுல ஒண்ணுத்துலயும் இல்ல. ஆட்டத்துலயே பெரிய கார்டு அதுங்க நாலுந்தான். வேணும்னே குறி வெச்சாக்கூட இவ்ளோ அழகா வெக்க முடியாது!

வெள்ள உறை வேற. பளிச்சுன்னு தெரியுது. அந்த வெள்ள உறைய வாங்கிக் குடுத்தது யாருன்னு கேளு. பொறந்தநாள் பரிசு. நாந்தான்.

ஆளுங்க கூடிட்டாங்க. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. பல் டாக்டரு பாக்கறான். இராமலிங்கம் அங்கிளு தொப்பியக் கழட்டிட்டுப் பாக்கறாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே ஓட்டம்... வார்னிங் குடுத்தா “வீட்டுக்காரரு”ம்பாங்க, வார்னிங் குடுத்தா “வீட்டுக்காரரு”ம்பாங்க... வாய் தானா தொறந்து “கேம் லாஸ்”னுடுச்சு. ரூலு சொல்லல தம்பி. என் பயம் சொல்லுச்சு.

அவரு எப்பவும் சண்ட போடுவாரு. ஒரு புள்ளி கொறஞ்சாலும் கால்குலேட்டர எடுக்கற ஆளு. இன்னைக்கு? கார்ட பாத்தாரு. என் டேக்க பாத்தாரு. “அப்பீல்”னாரு. அவ்ளோதான். போயி சேர்ல உக்காந்து கைய கட்டிக்கிட்டாரு.

இந்த சனிக்கிழமைக்காக அவரு என்னா பண்ணாரு தெரியுமா? பெட்டாலிங் ஜெயா ஃபேக்டரியில ஷிஃப்ட்டு வேல. கூட வேல பாக்கற சீன நண்பருக்கு லீவு வேணும்னு, சீனப் பெருநாள் முழுக்க இவரு போயி நின்னாரு. அதுக்கு பதிலா இந்த ஒரு நாளக் கேட்டு வாங்கினாரு. வருஷா வருஷம் கடைசி மேச வரைக்கும் வந்து தோக்கறது அவரு வழக்கம். இந்த வருஷம் போயிடுவேன்னு ஒரு நம்பிக்க. பஸ்ஸு எத்தன மணிக்கு, பினாங்குல எங்க தங்கறதுன்னு எல்லாம் பாத்து வெச்சிருக்காரு. எங்கிட்ட சொல்லல. சொன்னா ராசி போயிடுமாம். அவரு போனு தொறந்து கெடந்துச்சு, பாத்துட்டேன்.

உனக்கும் போகணும்தான். தெரியும். நீ ஒண்ணும் தப்பு பண்ணல. இப்படியே நான் வாய மூடிட்டா நீ பினாங்கு.

சரி. கேள்வி.

தம்பி... இன்னைக்கு நீ ஏதாச்சும் சாப்ட்டியா?

பாக்காத அப்படி! தெரியும் லா, நோன்பு வெச்சிருக்கற புள்ளகிட்ட கேக்கற கேள்வியா இது! ஆனா கேட்டாகணும். ஏன்னா, தீர்ப்பு சொல்லிட்டு நான் அந்த உறைய எடுத்துக்கிட்டு பின்னாடி சிங்க்குக்குப் போனேன். என்னா கறைன்னு பாக்கலாம்னு. மையா, பெயின்ட்டா? கொஞ்சம் சோப்பு போட்டுத் தேச்சேன். மஞ்சப் பொட்டு குப்புன்னு செவந்துடுச்சு, குங்குமம் மாதிரி. சமையல்கட்டுல நின்ன எந்தப் பொண்ணுக்கும் தெரியும், சோப்பு பட்டா செவக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மஞ்சத்தூளு. அப்ப அது மை இல்ல. சாப்பாடு.

சாப்பாடுன்னா யாரு சாப்ட்டது? உள்ள யாருமே சாப்புட முடியாது. கதவுல பெரிசா எழுதி ஒட்டியிருக்கு பாரு, மூணு பாஷையில, சாப்பாடு தண்ணி கூடாதுன்னு. யாரு எழுதினது? கையெழுத்தப் பாத்தாலே தெரியும். போன வாரம் ஒருத்தன் கறிபாப்பு வாங்கிட்டு வந்துட்டான், படியில நின்னு சாப்ட்டுட்டு வாடான்னு வெரட்டினேன்.

அந்த கார்டத் தொட்டது யாரு யாரு? நீ. கலைச்சுக் குடுத்த. நீ நோன்பு, தண்ணிகூடக் குடிக்கல. அவரு. அவரும் சாப்புடல. எங்களுக்கு இப்ப தவக்காலம், உங்க நோன்போடவே சேந்து வந்துடுச்சு இந்த வருஷம். வெள்ளி, சனி ரெண்டு நாளும் ஒருசந்தி இருக்காரு, ராத்திரி ஒரு வேளதான். கறியும் கெடையாது.

அப்ப யாரு மிச்சம்?

...

இன்னொரு மோனோரயில் வந்தா நல்லாருக்கும். வேணுங்கறப்ப வராது.

கீழ தையல்கட சீன அங்கிள் இருக்காருல்ல, அவரு பேத்திக்கு இன்னைக்கு ஃபுல்மூன். பொறந்து ஒரு மாசம் ஆயிடுச்சுன்னு கடைக்குக் கட பெட்டி குடுக்கறாரு. உஷாராணி அக்கா அத வாங்கி பின்னாடி மேசையில வெச்சுட்டாங்க. அதே மேசையிலதான் நான் கடைசி மேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கார்டு சோதன பண்ணணும். ஆட்டக்காரரோட கார்டெல்லாம் சரியா இருக்கான்னு பிரிச்சு அடுக்கிப் பாக்கறது, அதான் உனக்கும் பண்ணேன். அவரு கட்ட எடுத்துட்டு உக்காந்தேன். பக்கத்துல பெட்டி. மூடி லேசாத் தொறந்திருக்கு. உள்ள செவப்பு முட்ட, இனிப்பு, அப்புறம்... நாசி குனிட். மஞ்சள் போட்டு அவிச்ச ஒட்டற அரிசிச் சோறு, தேங்காப்பால் வாசம், மேல கோழிக் கறி, அந்தக் கறியில உருளக்கெழங்கு...

ஐயோ, மன்னிச்சுக்க தம்பி! நோன்புல இருக்கற புள்ளகிட்ட நான் பாட்டுக்கு உருளக்கெழங்க வர்ணிக்கறேன்! எச்சில முழுங்காத... இல்ல இல்ல, முழுங்கலாமா? எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

நானும் ஒருசந்தி. அதான் கொடும. சாம்பல் புதன் அன்னைக்கு, நெத்தியில சாம்பலோட கோயில் வாசல்ல நின்னு, “இந்த வருஷம் நானும் உங்களோட ஒருசந்தி இருக்கேங்க”ன்னு பெரிசா சொன்னேன். அவரு சந்தோஷப்பட்டாரு. “முடியுமா உனக்கு?”ன்னாரு. “ஏன் முடியாது?”ன்னு ரோஷமா கேட்டேன். அந்த ரோஷக்காரி இன்னைக்கு உறை தொங்கற ஷெல்ஃபுக்குப் பின்னாடி குனிஞ்சு உக்காந்து, ஸ்பூனுகூட இல்லாம, கட்டவிரலால சோத்த அமுக்கி அமுக்கி... முட்டைய மட்டும் தொடல. முட்டைய தொடலன்னு எனக்கே ஒரு பெருமை வேற!

கைய கழுவல. டிஷ்யூவுல தொடச்சேன். நேரமாயிடுச்சுன்னு உஷாராணி அக்கா கூப்புட்டாங்க. நாலு டிராகனையும் ஒண்ணாச் சேத்து, எண்ணிப் பாக்கறதுக்கு மூலையப் புடிச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு...

இதோ. இந்த கட்டவிரலுதான். நகத்துக்குள்ள இன்னும் இருக்கு பாரு.

அதாவது, கார்டுல குறி வெச்சது ஜட்ஜு. கண்டுபுடிச்சது ஜட்ஜு. வீட்டுக்காரருக்கு தண்டன குடுத்தது ஜட்ஜு. இப்ப அப்பீல விசாரிக்கறதும் அதே ஜட்ஜு. அந்தப் பச்ச மாடே பரவால்ல லா!

உண்ம சொல்றேன், சிங்க்குல நின்னப்ப மொதல்ல என்னா தோணுச்சு தெரியுமா? பேசாம இருந்துடலாம்னு. உன்ன ஜெயிக்க வெச்சு அனுப்பிடலாம். நீயும் சந்தோஷம், ஜனங்களும் “பாத்தியா, சொந்த வீட்டுக்காரரையே விடல”ன்னு என்னையப் புகழுவாங்க. அவரு மட்டும் சோகமா இருப்பாரு. மீன் கறி வெச்சா சரியாயிடும். இப்படி ஒரு நிமிஷம் நெனச்சேன்.

அப்புறம் வேற யோசன. தீர்ப்ப மாத்திடலாம், ஆனா காரணத்த மாத்திச் சொல்லலாம். உஷாராணி அக்கா ஷெல்ஃபுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சாங்க, அதுதான் ஒட்டிக்கிச்சுன்னு. ஷெல்ஃபு ஊதா. மஞ்சள் எப்படி வந்துச்சுன்னு கேட்டா? சரி, பழைய உறை, வெளுத்துப் போச்சு, அதுல தானா மஞ்சள் படிஞ்சிடுச்சுன்னு. நாலுலயும் ஒரே மூலையிலயான்னு கேட்டா? பாத்தியா, அஞ்சு நாளும் மத்தவங்க பொய்யப் புடிக்கறேன், எனக்குன்னு ஒரு பொய்யு சொல்லத் தெரியல.

அதனால உங்கிட்ட ஒரு ஒத்தாச. நான் உள்ள போயி, “புது ஆதாரம் கெடச்சிருக்கு, கேம் லாஸ் ரத்து, மூணாவது ஆட்டத்த மறுபடி ஆடுங்க”ன்னு சொல்லிடறேன். என்னா ஆதாரம்னு யாராச்சும் கேட்டா நீ தலைய ஆட்டு, அது போதும். நாசி குனிட்டப் பத்தி மட்டும் அவருக்குத் தெரிய வேணாம் தம்பி. ஒருசந்தி ஒருசந்தின்னு வீட்ல நான் விட்ட உருட்டு உனக்குத் தெரியாது. நேத்து அவரு பசியில தலவலின்னு படுத்தாரு, “மனசுல உறுதி வேணுங்க”ன்னு சொல்லிட்டு வந்தேன்! இந்த வாயி! உனக்கு ஆட்டத்துல நஷ்டந்தான், தெரியும். கைக்கு வந்த பினாங்க நான் பிடுங்கறேன். ஆனா நீ நேர்மையா ஜெயிச்சிட்டுப் போ. என் கட்டவிரலால ஜெயிக்காத. சரியா? அவருக்குத் தெரிய வேணாம். சரியா?

என்னா? என்னா திரும்பத் திரும்ப டேக்கையே காட்டற? என்னா இருக்கு அதுல? ஹெட் ஜட்ஜ்னு... இரு, திருப்பிப் பாக்கறேன்.

...

அலாமாக்.

இது... இது எப்பலேர்ந்து இருக்கு? நீ உக்காந்ததுலேர்ந்தா? ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்தேவா? வெள்ள அட்டையில, “ஹெட்”டுக்கும் “ஜட்ஜ்”க்கும் நடுவுல, முத்திர குத்தின மாதிரி என் கட்டவிரலு! மஞ்சளா! ரேகையெல்லாம் தெரியுது! இத நெஞ்சுல தொங்கவிட்டுக்கிட்டா நான் மேச மேசையா சுத்தி, கையில சாப்பாடு இருக்கான்னு மத்தவங்கள மொறச்சிட்டிருந்தேன்?

அப்ப எல்லாரும் பாத்திருக்காங்க. பல் டாக்டரு பாத்திருக்கான். அங்கிளு தொப்பியக் கழட்டினது அதுக்குத்தானா...

அப்ப அவரு.

அவரு கார்ட பாத்தாரு. அப்புறம் டேக்க பாத்தாரு. கிண்டல்னு நெனச்சேனே. கிண்டல் இல்ல லா அது. உறையில இருக்கறதும் டேக்குல இருக்கறதும் ஒண்ணுன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. எல்லாரும் கூடி நின்னப்பவே தெரிஞ்சிடுச்சு. ஒரே ஒரு வார்த்த, “ஜட்ஜே, கையக் காட்டு”ன்னா முடிஞ்சிருக்கும். ஆட்டம் அவருக்கு, பினாங்கு அவருக்கு. நான்தான் அத்தன பேரு முன்னாடி... அவரு சொல்லல. சீனப் பெருநாள் முழுக்க நின்னு சம்பாரிச்ச நாள். அதக்கூட விட்டுட்டு, “அப்பீல்”னு மட்டும் சொல்லிட்டுப் போயி உக்காந்துட்டாரு. நானே பாத்து நானே திருத்திக்கட்டும்னு.

நான் என்னான்னா, மீன் கறின்னு...

தம்பி, இதுக்கு என்னா ரூல் இருக்கு சொல்லு. இப்படி ஒரு ஆட்டக்காரருக்கு ஜட்ஜு என்னா குடுக்கணும்? புக்குல இல்ல. ஃபேனு மாதிரிதான், ஒரு வரிகூட இல்ல. நீ படிச்ச புள்ள, உனக்கு என்னா தோணுது?

தம்பி?

இக்ராம்?

எங்க போனான் இவன்... கதவு ஆடுது. இவ்ளோ நேரம் யாருகிட்ட பேசிட்டிருந்தேன், பூக்கட வாளிகிட்டயா? இரு, கண்ணாடி வழியா... ஏய்! ஏய் ரெண்டு பேரும்! என்னா உக்காந்து கார்டு கலைக்கறீங்க? அவரு கையில புது உறை! கறுப்பு! அது இக்ராமோட உறைதான், இந்தப் புள்ள தன்னோடத எடுத்துக் குடுத்திருக்கான் பாரு! நான் இன்னும் தீர்ப்பே சொல்லலையே லா!

தள்ளுங்க, தள்ளுங்க... எல்லாரும் கேளுங்க! உஷாராணிக்கா, அந்த சீரியல் சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க. ஹெட் ஜட்ஜ் தீர்ப்பு. கேம் லாஸ் ரத்து. மூணாவது ஆட்டம் முதல்லேர்ந்து. போன நேரத்துக்கு பதில் நேரம் உண்டு, நோன்பு தொறக்க இடைவேளையும் உண்டு. கீழ்க்கோர்ட்டுல தீர்ப்பு சொன்ன ஜட்ஜுக்கு வார்னிங்.

என்னா அங்கிள்? காரணமா? காரணம் வந்து... ஆதாரம் வந்து...

நாசி குனிட். போதுமா? நாசி குனிட்டுதான். கோழியும் சாப்ட்டேன். சிரிங்க, நல்லா சிரிங்க. வாலண்டைன், நீங்க என்னா சிரிக்கறீங்க, ஆட்டத்தப் பாருங்க! இங்க என்னையப் பாக்காதீங்க.

யாரு இப்ப கூப்புடறது? எந்த மேச? பல் டாக்டரா? மறுபடியும் டிராகன் பறந்துடுச்சா? வரேன் வரேன், யாரும் கார்டத் தொடாதீங்க, நானும் தொடல... கை கழுவிட்டு வரேன்!